விதியைச் சொல்வதா, வருவிப்பதா?

செருமானிய உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்த்தைமர் ஒருமுறை ஒரு பள்ளியின் கணித வகுப்பைப் பார்வையிடச் சென்றார். அன்றைய பாடம் இணைகரத்தின் பரப்பு. ஆசிரியர் கரும்பலகையில் ஓர் இணைகரம் வரைந்தார். மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் கீழ்நோக்கிக் குத்துக்கோடுகள் இறக்கினார். அடிக்கோட்டை ஒரு பக்கம் சற்று நீட்டினார். ஒரு பக்கம் குறையும் முக்கோணமும் மறுபக்கம் கூடும் முக்கோணமும் சமம் என்று நிறுவினார். ஆகவே இணைகரம் ஒரு செவ்வகத்துக்குச் சமம். அதன் பரப்பு அடிப்பக்கம் பெருக்கல் உயரம் என்று முடித்தார். பிறகு பல அளவுகளில் இணைகரங்கள் தந்து கணக்குகள் போடச் செய்தார். மாணவர்கள் தவறின்றிப் போட்டனர். பாடம் நன்றாகவே நடந்தது.

வெர்த்தைமர் அனுமதி பெற்றுக் கரும்பலகையில் தாமும் ஓர் இணைகரம் வரைந்தார். ஆனால் அது நீண்ட பக்கத்தின் மேல் கிடக்கவில்லை. திரும்பி, நெட்டாக நின்றது. இதன் பரப்பைக் காணுங்கள் என்றார். வகுப்பு திகைத்தது. சிலர், இது எங்களுக்கு இன்னும் நடத்தப்படவில்லை என்றனர். சிலர் வழக்கப்படி மேல் மூலைகளிலிருந்து கீழே கோடுகள் இழுத்துவிட்டு, அவை எங்கெங்கோ போய் விழுவதைக் கண்டு விழித்தனர். மிகச் சிலர் மட்டும் தாளைச் சற்றே திருப்பி வைத்து, எளிதாக விடை கண்டனர்.

வெர்த்தைமர் 1943இல் மறைந்தார். 1945இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. அந்த மாணவர்களுக்கு விதி தெரியும். அதன் நிறுவலும் தெரியும். பயிற்சிக் கணக்குகளிலும் குறையில்லை. எனினும் படம் சற்றே திரும்பியதும் விதி கைவிட்டுவிட்டது. அப்படியானால் அவர்கள் கற்றது எதை?

இரண்டு முறைகள்

விதிகளைக் கற்பிக்க இரண்டு முறைகள் உண்டு என்று ஆசிரியர் பயிற்சி நூல்கள் கூறுகின்றன. பொது விதியை முதலில் கூறி, அதனைத் தனித்தனி எடுத்துக்காட்டுகளில் பொருத்திக் காட்டுவது விதிவிளக்குமுறை. எடுத்துக்காட்டுகளை முதலில் தந்து, அவற்றுக்குப் பொதுவானதை மாணவரே உணர்ந்து விதியாகச் சொல்லும்படி செய்வது விதிவருமுறை.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்னும் விதியை எடுத்துக்கொள்வோம். உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்ற முன்னறிந்த உண்மையிலிருந்து இதனைப் பெறலாம். இது பொதுவிலிருந்து தனிக்கு வரும் வழி. மாறாக, ஒவ்வொரு மாணவரும் தமக்கு விருப்பமான முக்கோணம் வரைந்து, கோணமானியால் அளந்து கூட்டிப் பார்க்கலாம். ஒருவருக்கு 179 வரும். மற்றொருவருக்கு 181 வரும். பலருக்கு 180 வரும். அனைவருடைய விடைகளையும் தொகுத்துப் பார்க்கும்போது விதி தோன்றும். இது தனியிலிருந்து பொதுவுக்குச் செல்லும் வழி.

இவ்விரண்டுக்கும் பயிற்சி நூல்கள் வழங்கும் தீர்ப்பும் நாம் அறிந்ததே. விதிவருமுறை சிறந்தது, மாணவர் தாமே கண்டறிவதால் மறப்பதில்லை, ஆனால் காலம் மிகுதியாகும். விதிவிளக்குமுறை விரைவானது; ஆனால் மனப்பாடத்துக்கு வழிவகுக்கும். தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

இத்தீர்ப்பை அப்படியே ஏற்பதற்கில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. விதி முன்னே வருகிறதா, எடுத்துக்காட்டு முன்னே வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. எத்தகைய எடுத்துக்காட்டுகள் தரப்படுகின்றன, விதிக்குரிய காரணம் கேட்கப்படுகிறதா என்பவையே முதற்கேள்விகள். இவற்றைக் கவனியாமல் விட்டால் இரண்டு முறைகளும் ஒரே குழியில்தான் கொண்டுபோய் விடும்.

அறிஞர்களிடையிலும் இவ்விவாதம் பழையது. அமெரிக்க உளவியலார் ஜெரோம் புரூனர் 1961இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், தானே கண்டறியும் செயலே கற்போரின் அறிவாற்றலை வளர்க்கிறது என்று வாதிட்டார். அதே பத்தாண்டில் டேவிட் ஆசுபெல் இதனை மறுத்தார். சொல்லித் தரப்படுவதெல்லாம் மனப்பாடமாகிவிடாது. மாணவர் ஏற்கெனவே அறிந்தவற்றோடு புதியது பொருந்தி இணைந்தால் கேட்டுக் கற்பதும் பொருளுடைய கல்வியே என்பது அவர் நிலை. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் வகுப்பறைக்கு வந்து சேரும்போது, ஒன்று ‘எடுத்துக்காட்டு மூன்று, பிறகு விதி’ என்றும், மற்றது ‘விதி, பிறகு எடுத்துக்காட்டு மூன்று’ என்றும் சுருங்கிவிட்டன.

எத்தனை எடுத்துக்காட்டுகள் போதும்?

வாசகர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பின்வருவதைச் செய்து பார்க்கலாம். ஒரு வட்டம் வரையுங்கள். அதன் பரிதியில் இரண்டு புள்ளிகள் வைத்து அவற்றை ஒரு கோட்டால் இணையுங்கள். வட்டம் 2 பகுதிகளாகப் பிரியும். மூன்று புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 4 பகுதிகள். நான்கு புள்ளிகளுக்கு 8. ஐந்து புள்ளிகளுக்கு 16. ஒரே புள்ளி இருந்தால் கோடே இல்லை, பகுதி 1.

1, 2, 4, 8, 16. ஐந்து எடுத்துக்காட்டுகளும் ஒரே குரலில் பேசுகின்றன. ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் பகுதிகள் இரட்டிக்கின்றன என்று எந்த மாணவரும் விதி வகுத்துவிடுவார். ஆறு புள்ளிகளுக்கு 32 என்று எண்ணிப் பாராமலே எழுதிவிடுவார்.

எண்ணிப் பாருங்கள். எந்த மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி புள்ளிகளை அமைத்தால் கிடைப்பது 31. எத்தனை முறை வரைந்தாலும் 32 வராது.

ஏன்? காரணம் கேட்டால்தான் உண்மை விதி வெளிப்படும். தொடக்கத்தில் வட்டம் ஒரே பகுதி. ஒவ்வொரு கோடும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது. கோடுகள் வட்டத்துக்குள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடமும் மேலும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது. ஐந்து புள்ளிகளுக்குக் கோடுகள் 10, வெட்டும் இடங்கள் 5; ஆகவே 1 + 10 + 5 = 16. ஆறு புள்ளிகளுக்குக் கோடுகள் 15, வெட்டும் இடங்கள் 15, ஆகவே 31. இரட்டித்தல் என்பது முதல் சில எண்களில் நேர்ந்த தற்செயலான ஒற்றுமையே.

பெரும் கணித மேதைகளுக்கும் இந்த வழுக்கல் நேர்ந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்னும் எண்களைக் கண்டார். இவை ஒரே வாய்பாட்டில் அடுத்தடுத்து வருபவை. ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் குறைத்துத் தன்னோடு தானே பெருக்கி, மீண்டும் ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசை முழுவதும் பகா எண்களே என்று அவர் நம்பினார். 1732இல் ஆய்லர் அடுத்த எண்ணாகிய 4294967297ஐ ஆராய்ந்து, அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார். ஐந்து சான்றுகளுக்குப் பின் ஆறாவது காலை வாரிவிட்டது.

எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியை ஊகிப்பது தவறன்று. அறிவியல் வளர்வதே அவ்வாறுதான். ஆனால் ஊகத்தை விதி என்று கட்டம் கட்டி, அடியில் கோடிட்டு, அங்கேயே பாடத்தை முடித்துவிடுவது தவறு. நம் பாடநூல்களில் விதிவருமுறை பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

ஒத்த சான்றையே தேடும் மனம்

எடுத்துக்காட்டுகளை மாணவரே தேர்ந்துகொள்ள விட்டால் இக்குறை நீங்குமா? இதற்கு விடை கூறும் சோதனை ஒன்றை இலண்டனைச் சேர்ந்த பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்டார். ‘2, 4, 6 என்னும் மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. அவ்விதியை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். நீங்களாக மூன்று மூன்று எண்கள் சொல்லுங்கள். அவை விதிக்கு உட்படுகின்றனவா இல்லையா என்று நான் கூறுவேன். உறுதிப்பட்டதும் விதியைச் சொல்லுங்கள்’ என்று அவர் பங்கேற்றோரிடம் கூறினார்.

பெரும்பாலோர் என்ன செய்தனர் என்பதை ஊகிக்கலாம். 8, 10, 12 என்பார்கள்; சரி. 20, 22, 24, சரி. ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று விதியை அறிவிப்பார்கள்; தவறு! வேசன் மனத்தில் வைத்திருந்த விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 7, 500 என்பதும் அதற்கு உட்படும். 29 பேரில் தவறான விதி எதையும் அறிவிக்காமல் முதலிலேயே சரியானதைச் சொன்னவர்கள் 6 பேர்தாம்.

மற்றவர்கள் அறிவு குறைந்தவர்கள் அல்லர். தம் ஊகத்தோடு ஒத்துப்போகும் எண்களை மட்டுமே அவர்கள் கேட்டார்கள். ஊகம் தவறானால் எந்த எண்கள் அதனைக் காட்டிக்கொடுக்குமோ, அவற்றைக் கேட்கத் தோன்றவில்லை. 6, 4, 2 என்றோ 1, 2, 10 என்றோ ஒரு கேள்வி கேட்டிருந்தால் வழி திறந்திருக்கும். தானே கண்டறியும் வாய்ப்பு மட்டும் ஒருவரை ஆய்வாளர் ஆக்கிவிடாது. மறுக்கும் சான்றைத் தேடும் பழக்கமும் கற்பிக்கப்பட வேண்டும்.

பென்னி வகுத்த விதிகள்

அப்படியானால் விதியை நேரடியாகச் சொல்லிக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பானது என்று சிலர் கருதக்கூடும். அவர்கள் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் பயின்ற 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்பவர் 1973இல் எழுதினார். ஆய்வில் அவனுக்கு இட்ட பெயர் பென்னி. அங்கே கணிதம் சிறு சிறு பயிற்சித் தாள்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. மாணவர் தத்தம் வேகத்தில் படித்து, கணக்குகள் போட்டு, விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தி, சோதனையில் தேறி, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். பென்னி இதில் நன்றாக முன்னேறுகிறான் என்றே ஆசிரியர் கருதினார்.

எர்ல்வாங்கர் அவனோடு அமர்ந்து பேசியபோதுதான் உண்மை தெரிந்தது. 2/10 என்னும் பின்னத்தைத் தசமமாக எழுதச் சொன்னால் 1.2 என்றான். இரண்டும் பத்தும் பன்னிரண்டு. நடுவே புள்ளி வைக்க வேண்டும் என்பது அவன் விதி. அதே விதிப்படி 4/11 என்பது 1.5, 11/4 என்பதும் 1.5. இரண்டும் ஒன்றாக வருவது அவனுக்கு வியப்பாகத் தோன்றவில்லை. 400/400 என்பது 8.00.

இவ்விதிகளை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. விடைத்தாளில் எது சரியாகிறது, எது தவறாகிறது என்று பார்த்துப் பார்த்து அவனே வகுத்துக்கொண்டவை. விடைத்தாளில் 1/2 என்றிருக்கும்போது 2/4 என்று எழுதினால் அது தவறாகிவிடும். ஆகவே கணிதம் என்பது யாரோ எங்கோ செய்துவைத்த எண்ணற்ற விதிகளின் தொகுப்பு, அவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை என்ற முடிவுக்கு அவன் வந்திருந்தான்.

எந்த முறையில் நாம் கற்பித்தாலும் மாணவர் மனத்தில் விதிவருமுறை ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது என்பதைப் பென்னி நமக்கு உணர்த்துகிறான். ஆசிரியர் சொல்லும் விதி ஒன்று. கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து மாணவர் தமக்குள் வகுத்துக்கொள்ளும் விதி மற்றொன்று. வெர்த்தைமர் பார்த்த வகுப்பிலும் இதுவே நிகழ்ந்தது. ஆசிரியர் சொன்ன விதி, அடிப்பக்கத்தை உயரத்தால் பெருக்கு என்பது. எல்லாப் படங்களும் படுக்கையாகவே இருந்ததால் மாணவர் வருவித்த விதி, மேலிருந்து கீழே கோடு போடு என்பது.

நம் வகுப்பறைகளிலும் இத்தகைய விதிகளைக் காணலாம். முழு எண்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிய சிறுவன், பெருக்கினால் எண் பெரிதாகும் என்று வருவித்துக்கொள்கிறான். 8ஐ 0.5ஆல் பெருக்கி 4 வரும்போது தன் விடை தவறென்று ஐயுறுகிறான். இலக்கம் கூடினால் எண் பெரிது என்று நம்பி, 0.8ஐவிட 0.35 பெரிது என்கிறான். இவை கவனக்குறைவால் நேர்ந்த பிழைகள் அல்ல. தான் கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து முறையாகச் சிந்தித்து அவன் பெற்ற முடிவுகள். குறை எடுத்துக்காட்டுகளில் இருக்கிறது.

ஒப்பீட்டு ஆய்வுகள்

இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் பல. டேவிட் கிளார், மிலெனா நிகம் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு அதிகம் பேசப்படுவது. ஒரு பந்து சாய்தளத்தில் உருண்டு எவ்வளவு தூரம் ஓடும் என்பது எதனைப் பொறுத்தது? சாய்வா, பரப்பின் சொரசொரப்பா, பந்தின் வகையா, உருளும் நீளமா? இதனைச் சோதிக்க, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைக்க வேண்டும். இந்த ஆய்வு விதியை மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதே கேள்வி. நேரடியாகக் கற்பிக்கப்பட்டோரில் 77 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். கருவிகளைத் தந்து தாமாகக் கண்டறிய விடப்பட்டோரில் 23 விழுக்காட்டினரே பெற்றனர்.

இதனைக் காட்டி, பார்த்தீர்களா, சொல்லிக் கொடுப்பதே சிறந்தது என்று வெற்றி முழக்கம் செய்வோர் உண்டு. ஆனால் அந்த ‘நேரடிக் கற்பித்தல்’ எவ்வாறு நடந்தது என்று பார்க்க வேண்டும். விதியைச் சொல்லிவிட்டு அவர்கள் நிற்கவில்லை. நன்கு அமைந்த சோதனையையும் தவறாக அமைந்த சோதனையையும் குழந்தைகளுக்குக் காட்டினர். இதிலிருந்து உறுதியாக ஒரு முடிவுக்கு வர முடியுமா என்று கேட்டனர். ஏன் முடியும், ஏன் முடியாது என்று விளக்கினர். அதாவது பொருந்தும் எடுத்துக்காட்டும் பொருந்தாத எடுத்துக்காட்டும் அருகருகே இருந்தன, காரணமும் உடனிருந்தது. மற்றொன்றையும் மறைக்கலாகாது. தாமாகக் கண்டறிந்து தேறிய அந்தச் சிறு தொகையினர், பிறகு பிறர் செய்த ஆய்வுகளை மதிப்பிடுவதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை.

2011இல் ஆல்ஃபியரி குழுவினர் 164 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். துணையின்றித் தனியே கண்டறிய விடுவதைவிட வெளிப்படையாகக் கற்பிப்பது மேல் என்று அத்தொகுப்பு காட்டியது. ஆனால் குறிப்பும் திருத்தமும் தந்து, மாணவரையே விளக்கச் சொல்லி நடத்தும் கண்டறிதல், மற்ற முறைகளைவிட மேலாக இருந்தது. ஷ்வார்ட்ஸ், பிரான்ஸ்ஃபோர்ட் இருவரும் 1998இல் கல்லூரி மாணவரிடம் கண்டதும் இதனோடு இயைகிறது. வேறுபடும் தகவல்களை முதலில் தாமே ஆராய்ந்து, பிறகு விரிவுரை கேட்டவர்கள் நன்கு கற்றனர். பாடத்தைப் படித்துச் சுருக்கி எழுதிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டவர்களும், விரிவுரையின்றி ஆராய்ந்துகொண்டே இருந்தவர்களும் அவ்வளவு பயன் பெறவில்லை. தேடலும் வேண்டும், தேடியபின் சொல்லித் தருவதும் வேண்டும்.

நம் மரபில் உள்ள பாடம்

விதியை அதன் எல்லையோடு சேர்த்துச் சொல்வது தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் பல இயல்கள் புறனடை நூற்பாவோடு முடிகின்றன. கூறிய விதிகளுக்குள் நேரே அடங்காதவற்றையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஆசிரியரே எச்சரிக்கும் இடம் அது. மணிமேகலையின் 29ஆம் காதையில் வரும் அளவையியல், திட்டாந்தம் என்னும் எடுத்துக்காட்டைச் சாதன்மியம், வைதன்மியம் என இரண்டாக வகுக்கிறது. ஒன்று ஒத்த எடுத்துக்காட்டு. மற்றது மறுதலை எடுத்துக்காட்டு. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பதற்கு அடுக்களையைக் காட்டுவது ஒருவகை. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்கு நீர்நிலையைக் காட்டுவது மற்றொரு வகை. எண்ணங்களைச் சோதிக்க இரண்டும் வேண்டும் என்பதை அந்த அளவையியலார் உணர்ந்திருந்தனர்.

ஆனால் இன்றைய இலக்கண வகுப்பில் மறுதலை எடுத்துக்காட்டு அரிதாகிவிட்டது. வல்லினம் மிகும் இடங்களில் ஒன்றைக் காண்போம். பாலைக் குடித்தான், கதையைப் படித்தான், பூவைப் பறித்தான் என்று மூன்று தொடர்களைத் தந்து, இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐகாரத்தின் பின் வல்லினம் மிகும் என்று விதியை வருவிக்கிறோம். மாணவர் வருவித்துக்கொள்வதோ, ஐ ஓசையில் முடிந்தால் மிகும் என்பது. அடுத்த வாரமே கட்டுரையில் ‘மழைப் பெய்தது’ என்று எழுதுகிறார். நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம். ‘மழை’யில் உள்ள ஐகாரம் உருபு அன்று, சொல்லின் பகுதி, மழை இங்கே எழுவாய் என்பதைப் பாடத்தின்போதே எதிரெதிராகக் காட்டியிருந்தால் பிழை நேர்ந்திராது. ‘மழை பெய்தது’, ‘மழையைப் பார்த்தேன்’. ‘மருந்து குடித்தான்’, ‘மருந்தைக் குடித்தான்’. இந்த நான்கு தொடர்களையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாடு எங்கே என்று கேட்டால் வகுப்பே விதியைச் சொல்லிவிடும். அதனை நூற்பாவாகச் செப்பமாகச் சொல்வது ஆசிரியர் பணி.

அறிவியல் பாடத்திலும் அவ்வாறே. ஓம் 1827இல் வெளியிட்ட விதியைக் கற்கும் மாணவர், மின்னழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும் என்று கற்கிறார். ‘வெப்பநிலை மாறாதிருக்கும்போது’ என்னும் தொடரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். கைவிளக்கின் இழை பல்பு ஒன்றை இணைத்து அளக்கச் செய்தால், இழை சூடேறச் சூடேற மின்தடை கூடி, ஓட்டம் இரட்டிப்பைவிடக் குறைவாக வருவதைக் காண்பார். அந்தத் தொடர் ஏன் விதியில் இருக்கிறது என்பது அப்போது விளங்கும். குளிர்ந்தால் பொருள்கள் சுருங்கும் என்று கற்பிக்கும் அன்றே, 4 பாகை செல்சியசுக்குக் கீழ் நீர் குளிரும்போது விரிகிறது என்பதையும் சொல்லலாம். விலக்கை அடுத்த வகுப்புக்கு ஒத்திவைத்தால், அதற்குள் தவறான விதி வேரூன்றிவிடும்.

எதிர்ப்புகளும் விடையும்

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர் கேட்பார். கேள்வி நியாயமானதே. ஒரு வகுப்பில் ஐம்பது மாணவர், பாடத்திட்டமோ நீளம், தேர்வோ நெருங்கிவிட்டது. ஆனால் நாம் வேண்டுவது புதிய பாடவேளை அன்று. ஒரே அச்சில் வார்த்த பத்துப் பயிற்சிக் கணக்குகளில் இரண்டை எடுத்துவிட்டு, திரும்பி நிற்கும் இணைகரம் ஒன்றையும், விதி பொருந்தாத நாற்கரம் ஒன்றையும் வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் மாணவரே கண்டறிய வேண்டும் என்பதும் நம் கருத்தன்று. பொட்டாசியத்தின் குறியீடு K என்பதையும், கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்ய வேண்டும் என்பதையும் எவரும் சிந்தித்துக் கண்டறிய முடியாது. இவை மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள். சொல்லித்தான் தர வேண்டும். காரணத்தால் நிற்கும் விதிகளுக்கும் வழக்கத்தால் நிற்கும் விதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்தாததாலேயே பென்னியைப் போன்றோர் எல்லா விதிகளையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றனர்.

மறுதலை எடுத்துக்காட்டுகள் மெலிந்த மாணவரைக் குழப்பும் என்பது மற்றொரு எதிர்ப்பு. முதல் நிமிடத்திலேயே விலக்குகளை அடுக்கினால் குழப்பும்தான். ஒத்தவை சிலவற்றைக் கண்டு ஊகம் உருவான பிறகு, ஒரே ஒரு மறுதலை எடுத்துக்காட்டைத் தெரிந்தெடுத்து வைப்பதே முறை. அதனால் வரும் சிறு குழப்பம் அன்றே தீரும். மறைத்து வைத்த குழப்பமோ தேர்வறையில்தான் வெளிப்படும்.

தேர்வும் மாற வேண்டும். ‘விதியைக் கூறுக’, ‘விதியைப் பயன்படுத்திக் கணக்கிடுக’ என்னும் இரண்டு வினாக்களே தேர்வுத்தாள்களை நிறைக்கின்றன. ‘இவ்விதி பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டுத் தருக, ஏன் பொருந்தவில்லை என்று விளக்குக’ என்று ஒரு வினா சேர்ந்தால், வகுப்பறையின் போக்கே மாறும். தேர்வில் வருவதையே ஆசிரியர் கற்பிக்கிறார் என்பது நாம் அறிந்த உண்மை. அதனை நன்மைக்கும் பயன்படுத்தலாமே.

அதுவரை மாணவ நண்பர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பாடநூலில் கட்டம் கட்டிய ஒரு விதியைக் காணும்போதெல்லாம் மூன்று வினாக்களைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி விடை தேடுங்கள். இது ஏன் உண்மை? இது எங்கே பொருந்தாது? இங்குள்ள எடுத்துக்காட்டுகளை வைத்து நான் வேறு எந்தத் தவறான விதியை வருவித்துக்கொள்ளக்கூடும்? இன்று தொடங்க ஒரு கணக்கு: உங்கள் வடிவியல் நூலில் இணைகரம் உள்ள பக்கத்தைத் திறந்து, நூலைச் சற்றே சாய்த்துப் பிடித்து, உயரம் எது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.